கீ பிழை

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரே ஒரு முட்டாள்தனம்தான் செய்தேன். ஆனால் பெரியது.

பின்னேரம் மகள் இயலினியைத் தோளில் போட்டு ஏவறைக்குத் தட்டிக்கொண்டிருந்தபோது சிநேகிதி ஷபீகா ஃபோன் எடுத்தாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு மொட்டைமாடியில் அவளுடைய மச்சான் ஷாமில் டெக்னோ நிகழ்ச்சி நடத்துகிறான். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, முதல் ஒரு மணித்தியாலத்துக்கு டிஜே இல்லையாம்.

"நீ வந்து போடேன்டி. அஞ்சரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். சூரியன் எறங்குற நேரம். பெரிசா ஆக்களும் வந்தீக்க மாட்டாங்க. பயப்புட ஒண்ணுமில்ல."

"ஓம்" என்றேன். யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது. அதே கணத்தில் இயல் கக்கினாள். பால் என் முதுகு வழியாக இறங்கிப் பாவாடைவரை போயிற்று. கெட்டிக்காரி என்றால் அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு உடனே மறுத்திருப்பாள்.

நான் ஒரு காலத்தில் டிஜே. "காலம்" என்பது கொஞ்சம் பெரிய சொல். கம்பஸ் முடித்தபின் ஷபீகாவோடு சேர்ந்து பழகி, சம்பளத்தில் ஒரு சின்ன இயந்திரம் வாங்கி, நாலைந்து தடவை ஆள்களுக்கு முன்னால் போட்டிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் கேக் சாப்பிட வந்தவர்கள். பிறகு கலியாணம், பிறகு இயல். இயந்திரம் இப்போது கட்டிலுக்கடியில், பம்பர்ஸ் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது.

மாமாவுக்கு அது குக்கர்.

என் மனிசன் கஜீவனின் அப்பா வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி தவறியபின் எங்களோடு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். வந்த கிழமையே கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் திருகு, பட்டன். "என்ன பிள்ளை, கரண்ட் குக்கரோ? ரெண்டடுப்பு?" என்று கேட்டார்.

"ஓம் மாமா."

"நல்லது. காஸ் முடிஞ்சால் உதவும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு டிஜே என்றால் சாமத்தியவீட்டு மண்டபத்தில் புகை விட்டு, பந்தியில் இருப்பவனின் காதைக் கிழிக்கிற ஆள். "உவங்களைப் பிடிச்சு உள்ளுக்குப் போடோணும்" என்பது அவரின் நிரந்தர அபிப்பிராயம். என்னைப் பெண் பார்த்தபோது அம்மா சொன்ன முதல் தகுதியோ, "பிள்ளை சங்கீத சபைப் பரீட்சை எல்லாம் பாஸ்." அந்த இடைவெளிக்குள் ஒரு குக்கரை வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

போன மாதம் காஸ் முடிந்தபோது "அதை எடன்" என்றார். பழுது என்றேன்.


ஜூன் 6, வெள்ளி

இயல் பகல் நித்திரை. இயந்திரத்தை வெளியில் எடுத்தேன். வயரைத் தேடி முடிக்க எழும்பிவிட்டாள்.


ஜூன் 10, செவ்வாய்

எல்லாம் மறந்து போயிற்று. எனக்கே எழுதி வைக்கிறேன்.

ஓடுகிற பாட்டின் வேகமும் வரப்போகிற பாட்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று திரையில் எண் காட்டும். எண்ணைச் சமன் செய்தால் பாதி வேலை. மற்றப் பாதி, இந்தப் பாட்டின் அடிக்கு மேலேயே அந்தப் பாட்டின் அடி விழவேண்டும். விழாவிட்டால் இரண்டு அடியும் தனித்தனியாகக் கேட்டு, குதிரை ஓடும்.

இன்று முழுவதும் குதிரை ஓடியது. எண் சரி, காது சரி, இருந்தும் தடக்-தடக், தடக்-தடக். இயந்திரம் பழுதோ? மாமாவுக்குச் சொன்ன பொய் பலித்துவிட்டதோ?

கடைசியில் என் கையைப் பார்த்தேன். கை பழுது.

சின்ன வயதில் சங்கீத ரீச்சர் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தது: "உடனே எடுக்காத. தட்டு விழட்டும். அரை இடம் விட்டு எடு." எங்கள் கீர்த்தனைகளில் எத்தனையோ அப்படித்தான் தொடங்கும். தாளம் முதலில், பாட்டு அரை மூச்சுப் பிந்தி. கை அதை மறக்கவில்லை. டெக்னோ அடி விழும்வரை மரியாதையாகக் காத்திருந்து, அரை இடம் விட்டுத்தான் பட்டனை அழுத்துகிறது. பேர்லினில் எந்த டிஜேக்கும் இந்த வருத்தம் வந்திராது.

"தட்டோட எடு, தட்டோட எடு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். ஹோலில் இருந்து மாமா, "ஆர் பிள்ளை தட்டுறது?" என்று எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தார்.


ஜூன் 15, ஞாயிறு

முடித்துவிட்டேன்! கஜீவன் இயலையும் மாமாவையும் கடற்கரைக்குக் கூட்டிப்போன நேரத்தில் முழு ஒரு மணித்தியாலம் பதிவுசெய்து ஷபீகாவுக்கு அனுப்பியாயிற்று.

வேகம் போலத்தான் கீயும். கீ என்றால் எங்கள் சுருதி. ஒரு பாட்டு முடிய முதலே அடுத்ததை உள்ளே விடுவதால் கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து ஓடும். சுருதி சேராவிட்டால், பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கி போட்ட மாதிரி இருக்கும். வெள்ளவத்தையில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அதனால் நான் அபாயமே வைக்கவில்லை. முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே சுருதி. கச்சேரியில் தம்புரா நடுவில் சுருதி மாறுமா? மாறினால் அது கச்சேரியா? ஒரு இடத்தில்கூட உரசவில்லை. பளிங்குத் தரையில் எண்ணெய் ஊற்றிய மாதிரி.

நான் இன்னும் கெட்டிக்காரிதான்.


ஜூன் 17, செவ்வாய்

கெட்டிக்காரி இல்லை.

ஷபீகா தெஹிவளையில் இருந்து நேரிலேயே வந்துவிட்டாள். நல்ல செய்தி என்றால் யாரும் மழையில் வருவதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். இயலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இயலிடம் சொன்னாள்:

"உங்கட உம்மாட மிக்ஸ் கேட்டேன் ராணி. நல்லாத்தான் ஈக்கி. எனக்கு பாதியில கண்ணு சொக்கிட்டு."

"உரசல் இருந்ததா?"

"உரசலா? ஒண்ணுமே இல்லடி. அதான் பிரச்சின. ஒரு மணித்தியாலமா ஒரே எடத்துல நிக்கிற. ஆக்கள் ஆட வாற, தூங்க இல்ல. கீய மாத்துடி! கீய மாத்தாம இப்புடியே ஈந்தா ஒரு நாளைக்கி எல்லாம் போயிரும், சொல்லிட்டேன்."

கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. மாமா. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்க வந்தவர். எவ்வளவு கேட்டிருப்பார்?

இரவு சாப்பாட்டின்போது மிகவும் பாரமான முகத்தோடு இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளை சொன்னது சரி. நானும் கனநாளா யோசிச்சனான்."

குக்கர் கதை முடிந்தது என்று புட்டைக் கீழே வைத்தேன்.

"கீயை மாத்தத்தான் வேணும். நாளைக்கே ஆளைக் கூப்பிடுறன்."


ஜூன் 18, புதன்

பூட்டுக்காரர் வந்தார். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு. மாமா அவரோடு வங்கிச் சிங்களத்தில் அரை மணித்தியாலம் கதைத்து, மூன்று திறப்பு வாங்கினார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். எதைச் சொல்வது? "மாமா, ஷபீகா சொன்னது டெக்னோவின் கீ" என்றா?

வேலை முடிந்ததும் ஒரு பிரசங்கம். அவர் காலத்தில் பெட்டகத்துக்கு இரண்டு கீ. ஒன்று ஒருவரிடம், மற்றது இன்னொருவரிடம். "ரெண்டு கீயும் ஒரே ஆளிட்ட இருந்துதோ, பேந்து விசாரணைதான்." ஆகவே ஒரு திறப்பு கஜீவனின் கொத்தில். ஒன்று மாமாவின் அலுமாரிக்குள், பாதுகாப்புக்கு. ஒன்று என் கையில்.

எனக்கு அப்போது காது முழுக்க ஹெட்ஃபோன். திறப்பை ஹெட்ஃபோன் பைக்குள் போட்டுவிட்டேன். பிறகு என் கொத்தில் கோர்க்க வேண்டும். இந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டும். பரவாயில்லை, நான் தனியாக எங்கே போகிறேன்? எப்போது வந்தாலும் மாமா உள்ளே இருந்து திறப்பார்.


ஜூன் 23, திங்கள்

ஷபீகா ஒரு சக்கரப் படம் அனுப்பியிருக்கிறாள். மணிக்கூடு மாதிரிப் பன்னிரண்டு எண். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம். எல்லாச் சுருதியும் அதற்குள். பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தால் ஏழு சுரத்தில் ஒன்று மட்டும் மாறும். கேட்கிறவனுக்கு யன்னல் திறந்த மாதிரி இருக்கும். எதிர் எண்ணுக்குப் பாய்ந்தால் இரண்டு கோயில்.

முதலில் விளங்கவில்லை. பிறகு உள்வளையமும் வெளிவளையமும் ஒரே எண்ணில் ஏன் ஒன்றுக்குமேல் ஒன்று இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சோறு அடிப்பிடித்தது. ஆனால் விளங்கிவிட்டது.

கிரகபேதம்!

பரீட்சைக்குப் பாடமாக்கினது. ஆர்மோனியத்தில் அதே ஏழு கட்டைகள். ஒன்றும் மாற்றாமல், வேறொரு கட்டையை "ஸ" என்று வைத்துக்கொள். ராகமே வேறாகிவிடும். சந்தோசமாக இருந்த ராகம் சோகமான நடபைரவியாகிவிடும். வீடு மாறும், சாமான் மாறாது. இவர்கள் அதை மணிக்கூட்டில் கீறி வைத்திருக்கிறார்கள். நான் அதற்குப் புள்ளி எடுத்துவிட்டு மறந்து வைத்திருக்கிறேன்.

நானும் அப்படித்தானோ? அதே ஏழு சுரம். "ஸ" மட்டும் ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இடம் மாறிவிட்டது. அதனால்தான் ராகம் பிடிபடவில்லையோ?

சரி சரி. சோறு கருகிய வீட்டில் தத்துவம் எதற்கு. படு.


ஜூன் 29, ஞாயிறு

காய்ச்சல். ராத்திரி முழுக்க அனல். டொக்டர் பாத்திட்டு பல்லு வருகுது எண்டு சிரிக்கிறார். சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?

நான் போகேல்ல. ஷபீகாவுக்குச் சொல்லப் போறன். என்ன தாய் நான் — பிள்ளை நெஞ்சில கொதிச்சுக்கொண்டு கிடக்க, தலைக்குள்ள பின்பக்கமா அடி ஓடிக்கொண்டிருக்கு. அவளின்ர மூச்சை எண்ணினன். எண்ணினது எட்டு எட்டா. எனக்கு என்ன விசரோ?

கஜீவனிடம் போகவில்லை என்றேன். தெர்மோமீட்டரை உதறிக்கொண்டு சொன்னார்: "இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அதுக்கிடையில பல்லு முளைச்சு, உம்மைக் கடிச்சும் முடிச்சிடுவாள்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை. நீர் எதுக்குப் பயப்பிடுறீர் எண்டு சொல்லும் பாப்பம்."

சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். நான் இல்லாமல் இயல் அழுவாள் என்ற பயமில்லை. போத்தல் பாலை அவள் எடுக்கிறாளில்லை, அந்தப் பயம் இருக்கிறது, ஆனால் அதுவுமில்லை. இவ்வளவு நாளும் "பிள்ளை இருக்கு, அதாலதான் ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே போய் நின்று, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோதும் எனக்கு ஏலாது என்று தெரிந்துவிட்டால்? பிறகு யாரைச் சாட்டுவது?

ஆறு மாதப் பிள்ளையின் பின்னால் ஒளித்திருக்கிறேன். அவள் அகலமும் போதாது.


ஜூலை 5, சனி

காய்ச்சல் மாறிவிட்டது. பல் ஒன்று. கடித்தும் விட்டாள். ஷபீகாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.


ஜூலை 10, வியாழன், போயா

கஜீவனுக்கு லீவு. என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு இயலுக்குப் போத்தல் கொடுத்துப் பார்த்தார். முதலில் அலறல். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், அவள் அந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம் அமைதி. இந்தப் பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் நின்றது.

குடித்துவிட்டாளாம். முழுப் போத்தல். துரோகி.

போகிறேன். மாமாவுக்கு மட்டும் என்ன சொல்வது?


ஜூலை 12, சனி

சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று. கஜீவன் சுவரைப் பார்த்தார்.

"போட்டு வா. வெறுங்கையோடயோ போறாய்?" என்றார் மாமா.

பொய்க்கு வால் முளைப்பது இப்படித்தான். "இல்லை மாமா, அந்தக் குக்கரை அம்மாவுக்குக் குடுக்கப் போறன்."

"பழுதெண்டனி?"

"திருத்தியாச்சு."


ஜூலை 18, வெள்ளி

நாளைக்கு.

பாட்டு வரிசை தயார். நாலு இடத்தில் சுருதி நகர்கிறது, ஒரு இடத்தில் கிரகபேதம். வேகம் கடைசிவரை 124. இன்று கடைசித் தடவையாக ஓடிப் பார்த்தபோது இயல் தவழ்ந்து வந்து இயந்திரத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். விளக்கு எரிகிற பட்டனையெல்லாம் உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள். சத்தம் போடாமல் இருந்தாளே என்று விட்டுவிட்டேன்.

நிகழ்ச்சியை ஷாமில் இணையத்தில் நேரலையாகவும் விடுகிறானாம். கஜீவன் கடற்கரையில் இருந்து ஃபோனில் கேட்பாராம். "பிழை விட்டீரெண்டால் உடனே மெசேஜ் போடுவன்" என்று பகிடி.

அவருக்குச் சுருதி தெரியாது. பிறந்தநாள் பாட்டையே மூன்று சுருதியில் பாடுகிற மனிசன்.


ஜூலை 20, ஞாயிறு

நேற்று நடந்ததை மறக்க முதல் எழுத வேண்டும். மாமா மறக்க விடமாட்டார் என்பது வேறு.

பின்னேரம் நாலரைக்கு வெளிக்கிட்டேன். கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் இரண்டு திறப்புக் கொத்து, இரண்டிலும் ஒரே மாதிரி யானைப் பொம்மை. ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டேன். மாமாவே இயந்திரத்தை லிஃப்டில் இறக்கி த்ரீவீலில் வைத்தார். "நல்ல பாரமில்லாத குக்கர்" என்றார். டிரைவர் கொட்டாஞ்சேனையா என்று கேட்டபோது தலையாட்டினேன். காலி வீதிக்கு ஏறியபிறகுதான் மெதுவாக, "கொள்ளுப்பிட்டி, அய்யே" என்றேன். ஒரு வங்கிக் கொள்ளைக்காரிக்கு இதைவிடப் பதற்றம் இருந்திராது.

மொட்டைமாடியில் காற்று, உப்பு, கடல், ஏழெட்டுப் பேர். ஷபீகா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐஸா ஈக்கி" என்றாள்.

முதல் பாட்டு போட்டேன். இரண்டாவதை, தட்டோட எடு, தட்டோட எடு — எடுத்தேன். குதிரை ஓடவில்லை. மேசைக்குக் கீழே வலது கை தொடையில் தாளம் போட்டது. எட்டு எட்டாக நாலு தடவை எண்ணினால் பாட்டில் ஒரு வாசல் வரும். அங்கேதான் அடுத்ததை உள்ளே விடவேண்டும். விட்டேன். சுருதி பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தபோது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பெண் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு ஆடத் தொடங்கினாள். என்னுடைய பாட்டுக்கு. எனக்குத் தெரியாத பெண், கேக் இல்லாமல்!

பாதி நேரம் போயிருக்கும். அடுத்த பாட்டை உள்ளே விடக் கையை வைத்தபோது ஃபோன் மினுங்கியது. கஜீவன்.

"கீ பிழை."

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கே — அந்த மனிசனுக்கே — பிழை கேட்கிறது என்றால், மற்றவர்களுக்கு?

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினேன். ஓடுகிற பாட்டின் "ஸ"வைப் பிடித்து முணுமுணுத்தேன். சரி. வரப்போகிற பாட்டைக் கேட்டேன். என் "ஸ" அதில் இல்லை. அரைக் கட்டை மேலே நின்றது. திரையில் எண் சரி, சக்கரத்தில் இடம் சரி, சத்தம் பிழை. எப்படி? எப்படி?

பிறகு கண்டேன். கீ லொக் என்ற பட்டனில் விளக்கு இல்லை. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். ஏறாமல் பூட்டி வைப்பது அந்தப் பட்டன். அந்தப் பாட்டு 118இல் செய்தது. 124க்கு ஏற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சிரித்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

அழுத்தினேன். விளக்கு வந்தது. "ஸ" தன் இடத்துக்கு இறங்கியது. வாசல் வர இன்னும் எட்டு அடி. எண்ணினேன். விட்டேன். அதுதான் அந்தக் கிரகபேதம். யாருக்கும் பெயர் தெரியாது. ஆனால் ஷபீகா இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

கண் கலங்கிவிட்டது. என்ன கணவன்! கடற்கரையில் நின்று, காற்றுச் சத்தத்துக்குள், அரைக் கட்டையைப் பிடித்திருக்கிறார்! அதுவும் நான் அந்தப் பாட்டை வெளியில் விடவே முதல்—

விடவே முதலா?

ஃபோன் திரும்பவும் மினுங்கியது.

"வாசல்ல நிக்கிறம். கதவு திறக்குதில்லை. நீர் விட்டிட்டுப் போனது பழைய பூட்டின்ர கீ. என்ர கொத்தும் உம்மட்டையோ?"

பையைத் திறந்தேன். கஜீவனின் யானை. ஹெட்ஃபோன் பையைத் தடவினேன். அடியில் என் புதுத் திறப்பு, ஒரு மாதமாகக் கோர்க்காதது. மூன்றாவது மாமாவின் அலுமாரிக்குள், பூட்டிய வீட்டுக்குள், மிகவும் பாதுகாப்பாக.

"அப்பா கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் எடுத்திட்டார். உம்மட அம்மா என்ன குக்கர் எண்டு கேக்கிறாவாம். வாறம்."

இன்னும் இருபத்தைந்து நிமிடம் போட இருந்தது. ஓடுவதா? பாட்டை நிறுத்துவதா? கை மட்டும் தாளத்தை விடவில்லை. கையைப் பின்பற்றினேன்.

கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் படிக்கட்டுக் கண்ணாடிக் கதவு திறந்தது. கஜீவன் இயலோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். ஷபீகா ஓடிப்போய்த் தன் பெரிய ஹெட்ஃபோனை இயலின் காதில் கவிழ்த்தாள். மாமா மட்டும் உள்ளே வந்தார். கடற்கரைச் செருப்பு, கோடு போட்ட சேர்ட். ஆடுகிறவர்களுக்கு நடுவால், வங்கியில் வரிசையைத் தாண்டி வருகிற முகாமையாளர் மாதிரி நேரே மேசைக்கு வந்து கையை நீட்டினார்.

"திறப்பு."

ஒரு கை திருகில். மற்றக் கையால் கொத்தையும் தனித் திறப்பையும் எடுத்து நீட்டினேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கீயும் ஒரே ஆளிட்ட. எங்கட காலத்தில இது விசாரணை."

"மாமா..."

கடலைப் பார்த்தார். சூரியன் தண்ணீரில் முட்டிக்கொண்டிருந்தது. "கொட்டாஞ்சேனையில நல்ல காத்து" என்றார்.

பிறகு இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார். "அப்ப உது குக்கர் இல்லை."

"இல்லை மாமா."

"அண்டைக்கு அந்தப் பிள்ளை கீ மாத்தச் சொன்னது?"

"இதைத்தான் மாமா."

வட்டத் தட்டு இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் செத்துக்கொண்டே கடைசிப் பாட்டை உள்ளே விட எண்ணத் தொடங்கினேன். மேசைக்குக் கீழே தட்டு, சின்னி விரல், மோதிர விரல், நடு விரல். மாமா என் கையைப் பார்ப்பது தெரிந்தது. எட்டு. எட்டு. எட்டு. கடைசி எட்டில் அவருடைய வாயும் அசைந்தது. விட்டேன். உரசவில்லை.

திறப்பு கிடைத்தபின்னும் மாமா போகவில்லை. பாட்டு முடியும்வரை மேசைக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்; யாரோ களவெடுக்க வந்தால் பிடிக்கிற மாதிரி. ஷாமில் வந்து, அடுத்த மாதமும் போட வருகிறேனா என்று கேட்டான். எனக்கு முதல் மாமா கேட்டார்: "எத்தனை மணிக்கு முடியும்?"

த்ரீவீலில் இயல் என் மடியில் நித்திரை. பம்பலப்பிட்டி தாண்டும்போது மாமா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாப் பாட்டும் ஒரு மாதிரித்தான் கிடந்துது. ஆனால் எண்ணிக்கை பிழைக்கேல்ல."

வங்கிக்காரரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.


ஜூலை 22, செவ்வாய்

கஜீவனிடம் கேட்டேன், அன்றைக்கு உண்மையில் நேரலையைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா என்று. ஃபோன் சார்ஜ் முடிகிறதென்று தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டாராம்.


ஓகஸ்ட் 5, செவ்வாய்

அடுத்த நிகழ்ச்சிக்கு ஓம் என்று சொல்லியாயிற்று. இந்த முறை கடைசி மணித்தியாலம். யோசித்துத்தான் சொன்னேன், யாரும் கக்கவில்லை.

இயந்திரம் இப்போது சாப்பாட்டு மேசையில். மாமா இன்னும் குக்கர் என்றுதான் சொல்கிறார். இயலுக்கு நித்திரை வராவிட்டால், "பிள்ளை, குக்கரைப் போடன்." அந்த ஒரே சுருதி மிக்ஸைப் போடுகிறேன். ஷபீகா சொன்னது சரி, பாதியில் கண் சொக்குகிறது. இயலுக்கும் மாமாவுக்கும்.

பின்னேரம் மாமா வெளியே போய் வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. இப்போது விளக்கு நூர்க்கப் போகும்போதுதான் கண்டேன். வாசல் கொக்கியில் மூன்றாவதாக ஒரு புதுத் திறப்பு தொங்குகிறது. யானை இல்லை. நூலில் கட்டிய சின்ன அட்டை. அதில் மாமாவின் சரிவான வங்கி எழுத்து:

"மருமகள். பிந்தி வரும் நாட்களுக்கு."